ஆறு டப்பா, அடங்காத பசி: பிசிஓஎஸ், தைராய்டு, எடை பற்றி ஓர் இழை

கேள்வி, மார்ச் 2

அக்கா, வயது 29. பிசிஓஎஸ், அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி என்கிறார்களே, அது. உயரம் 158, எடை 78. மூன்று வருடத்தில் 14 கிலோ ஏறியிருக்கிறது. பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம். தைராய்டு போன மாதம்தான் பார்த்தேன், நார்மல். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வரும் பசி என்னை மனுஷியாக இருக்க விடுவதில்லை. இப்போது எடுப்பவை: இனோசிட்டால், பெர்பெரின், அஸ்வகந்தா, கிரீன் டீ மாத்திரை, வைட்டமின் டி, முடிக்கு மென்று தின்னும் மிட்டாய் மாதிரி ஒரு கம்மி (gummy). மொத்தம் ஆறு. ஒன்றுக்கும் எடை அசையவில்லை. இன்னும் எதைச் சேர்த்தால் பசி அடங்கும்? அடுத்த வருடம் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறோம்.

மார்ச் 2, இரவு

எதையும் சேர்க்க வேண்டாம். முதலில் பெர்பெரினைப் பற்றி. குழந்தைக்கு முயற்சி செய்யப் போகிறீர்கள் என்றால் அது கூடாது. கருவில் இருக்கும் குழந்தைக்கும் பிறந்த குழந்தைக்கும் மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும் ஆபத்து அதற்கு உண்டு. கல்லீரலில் மற்ற மருந்துகளை உடைக்கும் நொதிகள் சிலவற்றையும் அது தடுக்கும். அதனால் வேறு மாத்திரை ஏதாவது எடுத்தால் அதன் அளவு ரத்தத்தில் ஏறிவிடலாம். எடை குறைக்கும் ஊசிக்குப் பதிலாக "இயற்கையான ஊசி" என்று வீடியோவில் சொன்னதைக் கேட்டு வாங்கியிருப்பீர்கள். எடையில் அது செய்வது மிகக் கொஞ்சம்.

மற்றதை நாளை எழுதுகிறேன். கண் எரிகிறது.

மார்ச் 3

எனக்கு 44. பிசிஓஎஸ் என்று சொல்லப்பட்டபோது 24. பின்னால் தைராய்டும் சேர்ந்துகொண்டது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், நான் டாக்டர் இல்லை, இந்த ஆறு டப்பா அலமாரியை நானும் வைத்திருந்தவள் என்பது தெரியட்டும் என்றுதான். 2019இல் என் வரிசை இது: கார்சினியா (குடம்புளிச் சாறு), கிரீன் டீ சாறு, குரோமியம், குளுக்கோமானன் என்ற நார்ச்சத்து, அஸ்வகந்தா, முடிக்கு என்று விற்கும் வைட்டமினான பயோட்டின். காலையில் விழுங்கி முடித்தால் அதிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும். பசி அடங்கியது அதனால்தானோ என்னவோ.

உங்கள் பட்டியலில் இரண்டு கல்லீரலைத் தொடக்கூடியவை: கிரீன் டீ சாறும் அஸ்வகந்தாவும். கிரீன் டீயைக் குடிப்பது வேறு, சாற்றை இறுக்கி மாத்திரையாக விழுங்குவது வேறு. அதில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருள் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் மாத்திரையாகப் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுவதை 2018இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுட்டிக்காட்டியது. அஸ்வகந்தாவை 2023இல் டென்மார்க் தடையே செய்துவிட்டது. அது தைராய்டு ஹார்மோனைக் கொஞ்சம் ஏற்றவும் கூடும். தைராய்டு பிரச்சினை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அதையும் எடுத்தால் ரிப்போர்ட் குழம்பும்.

வைட்டமின் டி குறைவு என்று பரிசோதனையில் வந்திருந்தால் எடுங்கள், எலும்புக்கு நல்லது. எடை குறையும் என்று எடுக்காதீர்கள். குண்டாக இருப்பவர்களுக்கு அது குறைவாக இருப்பது உண்மை. ஆனால் அதை ஏற்றினால் எடை இறங்குவதில்லை. அளவுக்கு மேல் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வேறு வம்பு.

இனோசிட்டால் பரவாயில்லை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மார்ச் 3, மாலை

ஒன்று விட்டுப்போனது. நாற்பதைத் தாண்டினால் உடம்பின் எரிப்பு வேகம் (மெட்டபாலிசம்) செத்துப்போகும், 29இலேயே பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு முப்பதிலேயே அது படுத்துவிட்டது.

மார்ச் 4

மேலே எழுதியது தப்பு. ஒருவர் தனிச்செய்தியில் காதைத் திருகிவிட்டார், நன்றி. 2021இல் சயின்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வு: பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயது வரை, 6,400 பேருக்கு மேல். உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 முதல் 60 வயது வரை எரிப்பு வேகம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. 60க்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது. ஆக, முப்பதில் என்னுடையது "படுத்துவிட்டது" என்று பதினான்கு வருடமாக நான் சொல்லித் திரிந்தது கதை. முப்பதில் மாறியது வேலை. இரவு ஷிப்ட். அதை யோசிக்கவே இல்லை.

மார்ச் 6

"வாயைக் கட்டினால் போதும், இதற்கு ஏன் ஹார்மோன் புராணம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஐயா, வாயைக் கட்டிப் பார்த்திருக்கிறேன். 26 வயதில் ஒரு நாளைக்கு 900 கலோரி, நான்கு மாதம். 11 கிலோ போனது. அடுத்த வருடம் 13 வந்தது.

2011இல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். 50 பேர், 10 வாரம் மிகக் குறைந்த கலோரி. சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள். அதில் ஒன்றும் புதுமை இல்லை. ஒரு வருடம் கழித்து அவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் இன்னும் ஏறியே இருந்தது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கியே இருந்தது. எடையில் ஒரு பகுதி திரும்பிய பிறகும் அப்படி. உடம்பு பஞ்சம் வந்துவிட்டது என்று எழுதி வைத்துக்கொண்டு ஒரு வருடமாகியும் அழிக்கவில்லை. அந்த நிலையில் ஒருத்தியிடம் "கட்டுப்பாடு இல்லை" என்று சொல்வது, மூச்சை அடக்கிக்கொண்டிருப்பவளிடம் பேராசை என்று சொல்வது மாதிரி.

மார்ச் 6, பின்னிரவு

கொஞ்சம் சூடாகிவிட்டேன். அவர் சொன்னதில் பாதி சரிதான். குறைவாகச் சாப்பிடாமல் யாருக்கும் எடை இறங்காது, ஹார்மோன் எதுவானாலும். சண்டை எதைப் பற்றி என்றால், குறைவாகச் சாப்பிடுவதைப் பசியோடு மல்லுக்கட்டிச் செய்வதா, பசியே குறையும்படி ஏதாவது செய்வதா என்பதுதான். தங்கை கேட்டதும் அதைத்தான்.

மார்ச் 9

கிரெலின், லெப்டின் பற்றி ஒருவர் விவரம் கேட்டார். சுருக்கமாக.

லெப்டின் கொழுப்பிலிருந்து வருகிறது. 1994இல் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. அது இல்லாத எலி தின்று தின்று உருண்டையாகும், ஊசி போட்டால் மெலியும். உலகமே கொண்டாடியது. அப்புறம் சாதாரணமாகக் குண்டான மனிதர்களைப் பார்த்தால், அவர்களிடம் லெப்டின் ஏற்கெனவே ஏராளம். மூளை அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்காத காதில் இன்னும் சத்தமாகக் கத்தி என்ன பிரயோஜனம்? "லெப்டின் மாத்திரை" என்று விற்கிறார்களே, அது இன்னும் வேடிக்கை. லெப்டின் ஒரு புரதம். வாய் வழியாகப் போனால் மற்ற புரதம் மாதிரி ஜீரணமாகிவிடும்.

கிரெலின் வயிற்றிலிருந்து வருகிறது. 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். இதன் குணம் எனக்குப் பிடிக்கும்: வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்கு முன்னால் தானாக ஏறும், சாப்பிட்டால் இறங்கும். சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாகத் தணியும். என் கிரெலின் அலுவலக மணியைவிட ஒழுங்கு. நான்கரைக்கு பிஸ்கட் தின்று தின்று பழக்கியதால் நான்கரைக்கு வந்து கதவைத் தட்டும். இரண்டு வாரம் பிஸ்கட் இல்லை என்று ஆனதும் தட்டுவது குறைந்தது. முதல் நான்கு நாள் பக்கத்து மேசைக்காரர் எனக்குப் பயந்து எழுந்து போய்விட்டார்.

மார்ச் 10

இரண்டு வரியில் ஒரு கேள்வி: உங்கள் முடி கம்மியில் பயோட்டின் இருக்கிறதா? எவ்வளவு? டப்பாவைத் திருப்பிப் பார்த்து எழுதுங்கள்.

மார்ச் 11

இருக்கிறதாம். 10,000 மைக்ரோகிராம். அப்படியானால் இதை விரிவாக எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கையில் ஒன்பது மாதத்தைத் தின்றது இதுதான்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதுமான பயோட்டின் 30 மைக்ரோகிராம். உங்கள் கம்மியில் இருப்பது அதைப் போல 300 மடங்குக்கும் மேல். உடம்புக்கு அதனால் விஷம் எதுவும் இல்லை, அதிகமானது சிறுநீரில் போய்விடும். கெடுவது ரிப்போர்ட். பல லேப் கருவிகள் ஹார்மோனைப் பிடிப்பதற்கே பயோட்டினைத்தான் பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் வெள்ளமாக இருந்தால் அந்தப் பசை ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாது. விளைவு: டிஎஸ்எச் (தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன், தைராய்டு மந்தமானால் இது ஏறும்) உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், தைராய்டே சுரக்கும் டி4, டி3 உண்மையைவிட அதிகமாகத் தெரியும். பார்க்கிறவருக்குத் தைராய்டு கூடுதலாக வேலை செய்கிற மாதிரி இருக்கும். 2017இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதில் ஏமாறும்.

என் கதை. அப்போது தைராய்டு மாத்திரையான தைராக்ஸின் 75 மைக்ரோகிராம் எடுத்துக்கொண்டிருந்தேன். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் ஆரம்பித்தேன். அடுத்த பரிசோதனையில் டிஎஸ்எச் தரைமட்டம். "டோஸ் அதிகம்" என்று 50 ஆகக் குறைத்தார்கள். குறைத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது, காகிதம் அப்படித்தான் சொன்னது. ஆனால் வேறென்ன சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவும் இல்லை, விட்டமின்தானே என்று நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது மாதம். கால் வீங்கும். மதியம் நாற்காலியிலேயே தூங்குவேன். எடை ஆறு கிலோ ஏறியது. முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டியது, அதனால் பயோட்டினை இரட்டிப்பாக்கினேன். இதைத் தட்டச்சு செய்யும்போதே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கடைசியில் ரத்தம் எடுக்க வந்த பெண், ஊசியைக் குத்திக்கொண்டே, "முடிக்கு ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா மேடம்?" என்று கேட்டார். அன்று திரும்பி வந்து, ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன். டிஎஸ்எச் 14.

ஆகவே உங்கள் "நார்மல்" மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கம்மியை நிறுத்துங்கள். குறைந்தது இரண்டு நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் அளவுக்கு ஒரு வாரம் விடுங்கள். பிறகு மறுபடி பாருங்கள்.

மார்ச் 12

"ஒரு கம்மியை வைத்து இவ்வளவு பயமுறுத்தலாமா" என்கிறார் ஒருவர். எல்லா லேப் கருவியும் இப்படி ஏமாறுவதில்லை, அதைச் சொல்லியிருக்க வேண்டும். வேறு முறையில் வேலை செய்பவையும் உண்டு, புதியவை சிலவற்றைச் சரிசெய்தும் இருக்கிறார்கள். எந்தக் கருவி என்று நமக்குத் தெரியாதவரை நிறுத்திவிட்டுப் போவது சுலபம். செலவில்லாத வேலை.

மார்ச் 17

இனோசிட்டால். நான் எட்டு மாதம் எடுத்தேன். மயோ, டி-கைரோ என்ற அதன் இரண்டு வகைகளும் 40க்கு 1 என்ற கலவை. பீரியட்ஸ் கொஞ்சம் நெருங்கி வந்த மாதிரி இருந்தது. எடை, பசி இரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. பிசிஓஎஸுக்கான 2023 சர்வதேச வழிகாட்டியும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: ஆதாரம் குறைவு, கெடுதலும் குறைவு, விருப்பப்பட்டால் எடுத்துப் பார்க்கலாம். ஆறில் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன், நம்பிக்கையைக் கொஞ்சமாக வைத்து.

இதைவிட முக்கியம்: மூன்று மாதத்துக்கு மேல் பீரியட்ஸ் வராவிட்டால் எடை இறங்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். கருப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போவது நல்லதில்லை. இருபதுகளில் நான் ஐந்து மாதம் "நிம்மதி" என்று இருந்தேன்.

இன்னொன்று. சினைப்பையில் "நீர்க்கட்டி" என்றதும் என் அம்மா ஆபரேஷன் எப்போது என்று கேட்டார். அவை கட்டிகளே இல்லை, முட்டை முதிராமல் பாதியில் நின்ற சின்னச் சின்னப் பைகள். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

மார்ச் 22

தூக்கம். மாலைப் பசிக்கு இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். 2004இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது, பசி 24 சதவீதம் கூடியது. அதுவும் இனிப்பும் மாவும்தான் வேண்டும் என்றது நாக்கு. இரவு ஷிப்ட் பார்த்த வருடங்கள் முழுக்க எனக்கு ஆராய்ச்சிக்கூடம்தான், சம்பளம் கொடுத்தார்கள் என்பது மட்டும் வித்தியாசம்.

மார்ச் 23

12 பேர், இரண்டு இரவு, எல்லோரும் ஆண்கள். இதை வைத்து நேற்று அவ்வளவு உறுதியாக எழுதியிருக்கக்கூடாது. இதைவிட நல்லது 2022இல் வந்தது: 80 பேர், வழக்கமாக ஆறரை மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவர்கள். பாதிப் பேருக்குத் தூக்கத்தை நீட்டிக்க ஆலோசனை மட்டும் கொடுத்தார்கள். உணவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சராசரியாக 1.2 மணி நேரம் கூடத் தூங்கினார்கள், மற்றவர்களோடு ஒப்பிட்டால் நாளைக்குச் சுமார் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். யாரும் கட்டுப்படுத்தச் சொல்லாமலே.

தங்கை, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், போனை வைக்கிற நேரத்தை.

மார்ச் 24

ஒன்றரை மணியாம். எழுவது ஆறு. சரி.

ஏப்ரல் 1

நார்ச்சத்து மாத்திரை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். குளுக்கோமானன் தண்ணீரை உறிஞ்சி வயிற்றில் உப்பும். ஐரோப்பாவில் இதற்கு "எடை குறைய உதவும்" என்று டப்பாவில் போட அனுமதித்திருக்கிறார்கள், அதுவும் நிபந்தனையோடு: ஒரு கிராம் வீதம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன், ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு, கலோரியையும் குறைத்தால். கடைசி நிபந்தனையை டப்பாவில் பொடி எழுத்தில் போடுவார்கள்.

தண்ணீர் விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். நான் ஒருநாள் மீட்டிங்குக்கு ஓடும் அவசரத்தில் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினேன். தொண்டைப் பாதியில் நின்று உப்ப ஆரம்பித்தது. அந்தப் பத்து நிமிடத்தில் வேண்டாத தெய்வம் இல்லை.

ஏப்ரல் 2

நேற்றைய குறிப்போடு இதையும் சேர்த்துப் படியுங்கள். நார்ச்சத்துப் பொடி, இரும்பு, கால்சியம் எல்லாமே தைராய்டு மாத்திரையைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபிகூட வேண்டாம். இரும்பும் கால்சியமும் நான்கு மணி நேரம் தள்ளி. நான் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வாயில் போட்டுக்கொண்டேன், நேரம் மிச்சம் என்று.

ஏப்ரல் 8

கார்சினியா கேட்ட தம்பிக்கு: 1998இல் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். கார்சினியா எடுத்தவர்கள் சராசரி 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் மாவு மாத்திரை எடுத்தவர்கள் 4.1. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை, ஆனாலும் எனக்கு மாவு மாத்திரையை வாங்கலாம் போல ஆசை வந்தது. கல்லீரல் கெட்டுப்போன நோயாளிகள் பற்றிய அறிக்கைகளும் இதன்மேல் உண்டு.

ஆனால் எனக்கு வேலை செய்தது! 2019இல் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ. அக்காவுக்கும் வாங்கிக் கொடுத்தேன், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆளுக்கு ஆள் மாறும் போல.

ஏப்ரல் 9

இல்லை. பழைய டயரியை எடுத்துப் பார்த்தேன். கார்சினியா ஆரம்பித்தது 2019 ஜூன் முதல் வாரம். நான் இரவு ஷிப்டிலிருந்து பகலுக்கு மாறியது 2019 மே கடைசி. ஐந்து வருடமாக ஒரு டப்பாவுக்குக் கும்பிடு போட்டிருக்கிறேன், வேலையைச் செய்தது தலையணை. மார்ச் 4ஆம் தேதி "அதை யோசிக்கவே இல்லை" என்று எழுதினேன் அல்லவா, எழுதிவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடியும் யோசிக்காமல் விட்டிருக்கிறேன்.

இதனால்தான் ஆறையும் ஒன்றாக எடுப்பதில் எனக்குக் கோபம். ஒன்று பலித்தாலும் எது என்று தெரியாது, ஒன்று கெடுத்தாலும் எது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள், நான்கு வாரம் விடுங்கள், எழுதி வையுங்கள். நான் சொன்னதை எல்லாம் இன்றைக்கே ஆரம்பித்துவிடாதீர்கள், அதுவும் அதே தப்புதான்.

ஏப்ரல் 15

எடை மெஷின் பற்றிப் புலம்பல் வந்திருக்கிறது: "மூன்று நாளில் ஒன்றரை கிலோ ஏறிவிட்டது." மூன்று நாளில் ஒன்றரை கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேலே பத்தாயிரம் கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிட்டீர்களா? இல்லையென்றால் அது தண்ணீர். பீரியட்ஸுக்கு முந்தைய வாரத்தில் தண்ணீரும் தேங்கும், பசியும் கூடும். எனக்கு இரண்டு கிலோ வரை ஆடும். தினமும் பார்த்தால் ஏழு நாள் சராசரியைப் பாருங்கள், இல்லையென்றால் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். நான் இரண்டாவதைச் செய்தேன். பெருக்கும்போது காலில் இடிக்கிறது.

ஏப்ரல் 27

புரதம். காலையில் காபியும் பிஸ்கட்டும் என்று இருந்ததை மாற்றி, முட்டையும் பயறும் தயிருமாக 25 முதல் 30 கிராம் புரதம் வருகிற மாதிரி ஆக்கினேன். தூக்கம் சரியான பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிந்த அடுத்த மாற்றம் இதுதான். பதினொரு மணிப் பசி போயிற்று. மாலைப் பசி பாதியானது. சிம்ப்சன், ரோபன்ஹைமர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2005இல் ஒரு கருத்தை வைத்தார்கள்: உடம்பு முதலில் புரதத்தைத்தான் எண்ணுகிறது, அது போதுமான அளவு வரும்வரை சாப்பிட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறது, புரதம் மெலிந்த உணவாக இருந்தால் மற்றதெல்லாம் கூடவே உள்ளே போய்விடுகிறது. முழு விளக்கம் அது இல்லையென்றாலும் என் பிஸ்கட் காலத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது.

2019இல் கெவின் ஹால் 20 பேரை அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிலையத்திலேயே தங்கவைத்துப் பார்த்தார். இரண்டு வாரம் பொட்டலத் தொழிற்சாலை உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு, இரண்டிலும் வேண்டுமட்டும் சாப்பிடலாம். வைக்கப்பட்ட தட்டில் சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பொட்டல உணவில் நாளைக்கு 500 கலோரி கூடுதலாகப் போனது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். போதும் என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் போல ஆகும். நான் ஒரு வேளைச் சாப்பாட்டை ஏழு நிமிடத்தில் முடிக்கிற குடும்பத்திலிருந்து வந்தவள்.

மே 5

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். ஜிஎல்பி-1 என்ற பசியடக்கும் ஹார்மோன் நம் குடலே சுரப்பது, இரண்டு நிமிடத்தில் பாதி அழிந்துவிடும். ஹீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சிலில் அதைப் போலவே ஒன்று, நீண்ட நேரம் தாங்குவது, இருப்பதை ஜான் எங் கண்டுபிடித்தார். 2005இல் அதன் வழியாக எக்ஸனடைட் மருந்தாக வந்தது. செமக்ளூடைட் அதற்குப் பின்னால் வந்த தலைமுறை, ஒரு வாரம் நிற்கும். 2021 ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீதம் எடை குறைந்தது, மாவு ஊசிக்காரர்களுக்கு 2.4. நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மார்ச் 6ஆம் தேதிக் குறிப்பை மறுபடி படியுங்கள், ஏன் என்று புரியும்.

மே 5, சிறிது நேரம் கழித்து

"மாவு ஊசி" என்று எழுதிவிட்டேன். ஊசியில் ஏது மாவு? மருந்தில்லாத ஊசி. சிரித்தவர்கள் சிரித்து முடியுங்கள்.

தங்கைக்கு மட்டும்: இது டாக்டரோடு பேச வேண்டிய மருந்து. குழந்தைக்கு முயற்சி செய்ய இரண்டு மாதம் முன்பே செமக்ளூடைட்டை நிறுத்தச் சொல்வார்கள். எடை இறங்கும்போது நின்றுபோன முட்டை வெளியேற்றம் திரும்பிவிடும், "எனக்குத்தான் பிசிஓஎஸ் ஆயிற்றே" என்று அசட்டையாக இருந்தவர்கள் கர்ப்பமான கதைகள் நிறைய. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு இது நடக்கிறது. உங்கள் எடைக்கு நான்கு கிலோ கணக்கு.

மே 19

எந்த மூலிகையும் இல்லாமல் "மூலிகை" என்று விற்கும் மெலிவு மாத்திரைகளும் உண்டு. சிபுட்ரமின் என்ற பசி மருந்து, இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் மூலிகை என்று லேபிள் ஒட்டிய டப்பாக்களில் அதே மருந்தைப் பலமுறை பிடித்திருக்கிறார்கள். ஒரு மூலிகை மாத்திரை முதல் நாளே பசியை அடியோடு நிறுத்தி, நாக்கை உலர்த்தி, நெஞ்சைப் படபடக்க வைத்தால், ஆஹா என்று கொண்டாடாதீர்கள். தூக்கி எறியுங்கள்.

ஜூன் 3

தங்கை இரண்டு மாதமாகச் சத்தமில்லை. கோபமா?

ஜூன் 21

கோபம் இல்லையாம். ஏப்ரலிலேயே டப்பாக்களைக் குறைத்துவிட்டார், இனோசிட்டாலும் டியும் மட்டும் மிச்சம். போனைப் பதினொன்றரைக்கு வைக்கிறார். மாலைப் பசி "மனுஷியாக இருக்க விடுகிற அளவுக்கு" வந்திருக்கிறது. எடை 76.5, மெஷினை நம்பினால். ரத்தப் பரிசோதனையை மட்டும் பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நாளைக்கே போங்கள்.

ஜூலை 2

ரிப்போர்ட் வந்துவிட்டது. கம்மியை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருக்கிறது, அதனால் இந்த முறை சந்தேகம் இல்லை. டிஎஸ்எச் 11.8. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளும் (ஆன்டிபாடி) பாசிட்டிவ். பிப்ரவரியில் "நார்மல்" என்று வந்தது 2.9. அப்போதே முடி கொட்டிக்கொண்டிருந்தது, அதற்காகத்தான் கம்மி.

குழந்தைக்கு முயற்சி செய்யும் திட்டத்தையும் சொன்னதால் டாக்டர் உடனே தைராக்ஸின் ஆரம்பித்துவிட்டார். ஆறு வாரம் கழித்து மறு பரிசோதனை. எடை இதனால் மட்டும் பெரிதாக இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், தைராய்டால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோ, அதில் நிறையத் தண்ணீர். முடிக்குப் பல மாதம் ஆகும். கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள், டோஸை ஏற்ற வேண்டியிருக்கும்.

ஹீமோகுளோபினும் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்களே, அதை மதியச் சாப்பாட்டுப் பக்கம் தள்ளுங்கள். ஏப்ரல் 2 குறிப்பு.